மற்றும் குழுவினர்

போன வருஷம் சித்திக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஐயாயிரம் பாட்டு உள்ளேயே ஏற்றி வருமே, அந்த மாதிரிப் பெட்டி. குமிழைத் திருகினால் பாடகர் பெயர் மாறும். அந்தப் பெயருக்குள் அவருடைய 'ஹிட்ஸ்' வரிசையாக ஓடும். கிராஸ்கட் ரோட்டில் வாங்கி, சிங்காநல்லூரில் சித்தி வீட்டு டிவி மேசையில் வைத்துப் போட்டுவிட்டேன்.

சித்தி ஒரு காலத்தில் கோவையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடியவர். மாரியம்மன் நோம்பி, கல்யாண வரவேற்பு, மில் ஆண்டு விழா என்று எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்துப் பதினோரு வருஷம். மேடையின் பின்வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பெண்களுக்கு ஒரு மைக். முன்னால் பாடுகிறவர்களுக்குப் பட்டுப்புடவை, அறிவிப்பு, கைதட்டல். பின்னால் நிற்பவர்களுக்குச் சாப்பாடும் பஸ் காசும் கொஞ்சம் சம்பளமும்.

பெட்டியில் முதல் பாட்டு வந்தது. சித்தி பாடகியோடு சேர்ந்து பாடவில்லை. பல்லவி முடியட்டும் என்று காத்திருந்தார். இடையிசையில் பெண் குரல்கள் சேர்ந்து ஒரு ஹம்மிங் எடுக்கும் இடம் வந்ததும் மிகச் சரியாக உள்ளே நுழைந்தார். சரணம் வந்ததும் மறுபடி அமைதி. நான் நூறு தடவை கேட்ட பாட்டுதான். அந்த ஹம்மிங் அத்தனை நீளம் என்பதும், அதில் இரண்டு குரல் மேலேயும் ஒரு குரல் கீழேயும் போகிறது என்பதும் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

பாட்டு முடிந்ததும் கேட்டார்: "ஏங் கண்ணு, இதப் பாடுன புள்ளைக பேரு எதுலயாச்சும் போட்டிருக்குமா?"

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். பாட்டு, படம், பாடகர், இசையமைப்பாளர். செல்போனில் தேடினேன். அங்கேயும் அதே நான்கு. "இல்லீங் சித்தி" என்றேன். "போட மாட்டாங்க, தெரியும். சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த 'சும்மா'தான் என்னை இதை எழுத வைக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஹிட்ஸ்' தொகுப்பு என்பது நல்ல பாட்டுகளைச் சேர்த்து வைக்கிற அப்பாவியான வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாட்டுகளைச் சேர்ப்பதில்லை, ஒரு பெயரைச் சேர்க்கிறது. அந்தப் பெயருக்குள் அடங்காத குரல்களை எல்லாம் உரித்துப் போடுகிறது. பல பேர் சேர்ந்து பாடியதை ஒருவர் பாடியதாக நம்மைக் கேட்கப் பழக்கிவிட்டது.

*

இதற்கு முன்னால் இப்படி இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் முன்பு இரண்டு வார்த்தைகளாவது இருந்தன: 'மற்றும் குழுவினர்'.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கோரஸ் இருக்கிற பாட்டு என்றால் பாடகர் பெயருக்குப் பின்னால் இந்த இரண்டு வார்த்தைகள் வரும். பழைய இசைத்தட்டுகளின் லேபிளில் 'பார்ட்டி' என்றோ 'கோரஸ்' என்றோ இருக்கும். பாட்டுப் புத்தகங்களில் 'குழுவினர்' என்று ஒரு தனி வரி இருக்கும். எந்த அடியை அவர்கள் பாடுகிறார்கள் என்று பக்கத்தில் குறித்திருப்பார்கள்.

யார் அந்தக் குழுவினர் என்று அது சொல்லவில்லைதான். ஆனாலும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது. ஆள் வந்து உட்காராவிட்டாலும், அங்கே ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பவருக்குத் தெரிந்தது.

'பாசமலர்' (1961) படத்தின் கல்யாணப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. மணப்பெண்ணைத் தோழிகள் அழைத்துப் போகிறார்கள். இன்றைக்கும் ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அதைக் கேட்கலாம். 'எல்.ஆர். ஈஸ்வரி ஹிட்ஸ்' என்ற எந்தத் தொகுப்பிலும் அது இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அது தோழிகள் பாடுகிற பாட்டு. தோழிகளை எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இல்லை. ஒருத்தி தனியாக நின்று கூப்பிடுவது மட்டும்தான் மிஞ்சும். ஒரு குழுப் பாட்டு தனிப் பாடகியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. ஈஸ்வரியின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. அவரே கோரஸில் இருந்து வந்தவர். அவருடைய அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். அந்த அம்மாவின் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? மகள் பிரபலமானதால் தெரியும். அதே மைக்கில், அவர் பக்கத்தில் நின்று பாடியவர்களின் மகள்கள் பிரபலமாகவில்லை.

*

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்கிற சரக்கை மிகக் கச்சிதமாகச் செய்து விற்ற ஊர் ஒன்று உண்டு. கோயமுத்தூர்க்காரனுக்கு அந்த ஊரைப் புரிந்துகொள்வது சுலபம், ஏனென்றால் அதுவும் இரும்பும் மோட்டாருமாக வாழ்ந்த ஊர்.

டெட்ராய்ட். அங்கே கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி 1959இல் ஆரம்பித்த கம்பெனிதான் மோட்டவுன். தொழிற்சாலையில் வெறும் இரும்புச் சட்டம் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் புதுக் காராக வெளியே வருவதைப் போல, தெருவில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நட்சத்திரங்களாக வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. அவரே சொன்னதுதான் இது. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ் என்று கறுப்பினப் பாடகர் குழுக்கள் வரிசையாக வந்தன. பேரே குழுவின் பேர். மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேர். ஒருவர் முன்னால் பாட, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். தேவாலயத்தில் இருந்து வந்த பழக்கம் அது.

காலேஜ் ஹாஸ்டலில் யாரோ விட்டுப் போன ஹார்ட் டிஸ்க்கில்தான் இவர்களை நான் முதலில் கேட்டேன். அத்தனையும் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஃபோல்டர்கள். பல வருஷம் கழித்துத்தான் அந்த ஃபோல்டர்களுக்குள் யார் இருந்தார்கள் என்று படித்தேன்.

சுப்ரீம்ஸ் என்றால் மூன்று பெண்கள்: ஃபுளோரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ். 1967இல் கம்பெனி குழுவின் பெயரை 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்' என்று மாற்றியது. அதே வருஷம் பல்லார்ட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே வருஷம் அந்தப் புதுப் பெயரில் இரட்டைத் தட்டாக ஒரு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வந்து, அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. உள்ளே இருந்த பாட்டுகள் 'த சுப்ரீம்ஸ்' என்ற மூவர் பெயரில் வெளிவந்து ஓடியவை. தொகுப்பின் முதுகில் எழுதிய பெயர் வேறு. பாட்டு மாறவில்லை, லேபிள் மாறியது. அந்தத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஆரம்பத்திலிருந்தே ஒருத்தியும் அவளுக்குப் பின்னால் இருவரும் என்றுதானே தோன்றும்?

சுப்ரீம்ஸுக்கு அமெரிக்காவில் 12 முதலிடப் பாட்டுகள். முதல் பத்தும் பல்லார்ட் குழுவில் இருந்த காலத்தவை. கடைசி இரண்டில் டயானா ராஸைத் தவிர சுப்ரீம்ஸ் யாருமே பாடவில்லை. 1968இல் வந்த 'லவ் சைல்ட்' பாட்டில் பின்னால் பாடியவர்கள் ஆண்டான்டிஸ் என்ற மூன்று பெண்கள்: ஜாக்கி ஹிக்ஸ், மார்லின் பாரோ, லூவேன் டெம்ப்ஸ். ஃபோர் டாப்ஸ் பாட்டுகளில் நான்கு ஆண்களுக்கு மேலே ஒரு பெண் குரல் அடுக்கு மிதக்குமே, அதுவும் இவர்கள்தான். மோட்டவுனின் எத்தனையோ பாட்டுகளில் இருக்கிறார்கள். அந்தக் காலத்து உறைகளில் பெயர் இல்லை. இவர்களுக்கென்று ஒரு 'ஹிட்ஸ்' தொகுப்பும் இல்லை.

பல்லார்ட் 1976இல், 32 வயதில் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் பாடிய பாட்டுகள் அப்போதும் தொகுப்புகளாக விற்றுக்கொண்டிருந்தன.

குழுவின் பேரையே முகப்பில் வைத்திருந்த இசைக்கே இந்தக் கதி. குழு என்ற சொல்லையே சேர்க்காத நம்முடைய தொகுப்புகளில் என்ன நடந்திருக்கும்?

*

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்.

முதல் ஆள் ராக் இசை ரசிகர். "ஆமா, தொகுப்பே தப்பு. ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்கணும்" என்று என் பக்கம் வந்து நிற்பார். மன்னிக்கணும், அவரோடு நான் சேர மாட்டேன். மோட்டவுன் வாழ்ந்தது ஒற்றைப் பாட்டில். அந்தக் காலத்தில் அவர்களுடைய ஆல்பங்கள் பல, இரண்டு ஹிட்டைச் சுற்றி அவசரமாக இட்டு நிரப்பியவை. தமிழ் சினிமாவிலும் அலகு பாட்டுதான். ஐந்து பாட்டில் இரண்டு மட்டும் பிடித்தால் அந்த இரண்டை மட்டும் கேட்பதில் ஒரு பாவமும் இல்லை. தொகுப்பதை நான் எதிர்க்கவில்லை.

இரண்டாவது ஆள் எங்க அப்பா. அவர் பேச மாட்டார். பீரோவைத் திறந்து காட்டுவார். உள்ளே அறுபது எழுபது கேசட். எல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை. உங்களில் பலர் அந்தக் கடைகளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு முழுத்தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்பார்கள். கடைக்கார அண்ணா பட்டியலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங், இதுக்கு அடுத்து இத வெக்காதீங்க, சுருதி எறங்கிப்போகும், இதப் போட்டுக்கலாமுங்" என்று வரிசையைத் திருத்துவார். ஏ பக்கம் முடியும்போது நாற்பது விநாடி மிச்சம் இருந்தால், அதில் ஒரு பாட்டின் முன்னிசையை மட்டும் போட்டு நிரப்பித் தருவார். பிறகு மை பேனாவில் முத்து முத்தாக 'ராஜா மெலடி – 3'.

அப்பா கேட்காமல் கேட்பது இதுதான்: இந்தக் கேசட் இல்லாவிட்டால் உனக்கு இந்தப் பாட்டெல்லாம் எங்கடா கிடைச்சிருக்கும்? உண்மை. ஓடாத படத்தின் நல்ல பாட்டுகளைக் காப்பாற்றியவை தொகுப்புகள்தான். கோயமுத்தூர்–பொள்ளாச்சி தனியார் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த ஸ்பீக்கர்தான் எங்கள் தலைமுறையின் இசைக் கல்லூரி. அதில் ஓடியதும் 'ஹிட்ஸ்'தான். அந்தக் கேசட் உறையிலும் குழுவினர் கிடையாது.

அப்பாவுக்கு என் பதில்: அந்தக் கடைக்காரர் விட்டுவிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கேசட் உறை சின்னது, எழுதுகிற கை ஒன்று. அந்தக் கேசட்டும் ஒரு வீட்டுக்குள் ஒரு பீரோவுக்குள் இருந்தது. ஊருக்கெல்லாம் அதுதான் ஆவணம் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு இடப் பற்றாக்குறை என்று ஒன்று இல்லை. ஒரு பாட்டுக் கோப்பில் பத்தாயிரம் எழுத்து சேர்த்தால்கூட அதன் எடை கூடியதே தெரியாது. இன்னும் பெயர் இல்லை என்றால், அதற்குக் காரணம் இடம் இல்லை. யாருக்கும் தேவைப்படவில்லை.

*

இது என் தொழில் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அப்பாவின் கேசட்டுகளைக் கோப்புகளாக மாற்றியபோது, ஒவ்வொரு பாட்டுக்கும் விவரம் ஏற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். அப்போதுதான் இந்த விஷயம் கண்ணில் பட்டது.

எம்பி3 கோப்புக்குள் பாட்டின் விவரத்தை எழுதி வைக்கிற முறைக்கு ஐடி3 என்று பெயர். 1996இல் வந்த அதன் முதல் வடிவம் மொத்தமே 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4. முப்பது எழுத்துக்குள் ஒரு ஆள்தான் நுழைய முடியும். சரி, ஆரம்ப காலம், விட்டுவிடலாம்.

அடுத்த வடிவத்தில் இடம் தாராளமாகக் கிடைத்தது. அதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். முதன்மைக் கலைஞருக்கு ஒரு கட்டம். அதற்கு அடுத்த கட்டத்துக்கு டிபிஇ2 என்று பெயர். அது யாருக்கு என்று விதிநூலிலேயே இருக்கிறது: இசைக்குழு, வாத்தியக்குழு, உடன் பாடுவோர்–வாசிப்போர். அதாவது 'மற்றும் குழுவினர்'. இலங்கை வானொலி அறிவிப்பாளர் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளுக்குக் கணினியில் ஒரு நிரந்தர நாற்காலி.

அந்த நாற்காலிக்கு என்ன ஆயிற்று? பெரிய கம்பெனிகளின் பாட்டுக் கேட்பு மென்பொருட்கள் அந்தக் கட்டத்தை எடுத்து 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று பயன்படுத்த ஆரம்பித்தன. எதற்கு? பல பாடகர்களின் பாட்டுகள் கலந்திருக்கும் தொகுப்புகள் திரையில் சிதறாமல் ஒரே பெயரின் கீழ் அடுக்கப்பட வேண்டும் என்பதற்கு. விதிநூல் ஒன்று சொல்ல, வழக்கம் வேறாகி, வழக்கமே விதியாகிவிட்டது.

இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. குழுவினருக்கு என்று போட்ட இடத்தை, தொகுப்பை அடுக்குவதற்காக நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தலைப்பு அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பொறியாளர் முடிவெடுத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கும்போதுதான் கூச்சமாக இருக்கிறது. 'இந்தக் கட்டம் காலியாகத்தானே கிடக்கு, யாரும் யூஸ் பண்றதில்லையே' என்ற வாக்கியத்தை என் வேலையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

*

"சரிப்பா, பேர் இல்லாட்டி என்ன குறைஞ்சு போச்சு? பாட்டு இருக்கே, குரல் இருக்கே" என்று கேட்கலாம். பேர் வெறும் மரியாதை விஷயம் என்றால் இவ்வளவு கோபம் எனக்கே அதிகம்தான். ஆனால் இதில் சட்டம் இருக்கிறது.

2012இல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடகர்களுக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்று அந்தத் திருத்தம் சொன்னது. நல்ல விஷயம், போராடிப் பெற்றது. அதே திருத்தத்தில், 'நிகழ்த்துபவர்' என்றால் யார் என்ற வரையறைக்கு ஒரு விலக்கு சேர்த்தார்கள். திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ இடைநிகழ்வாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கேயும் குறிப்பிடப்படாதவர் என்றால், அவர் நிகழ்த்துபவராகவே கருதப்பட மாட்டார். தன் நிகழ்த்துதலைச் சிதைப்பதை எதிர்க்கிற ஒரே ஓர் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும்.

மெதுவாக இன்னொரு தடவை படியுங்கள். அப்படி விலக்கப்படுகிறவருக்கு, இது நான் பாடியது என்று அடையாளம் கோருகிற உரிமை இல்லை. ஏன் இல்லை? அவர் பெயர் எங்கேயும் போடப்படவில்லை, அதனால். பெயர் இல்லை என்பதே பெயர் கேட்க முடியாததற்கு ஒரு காரணம்! கோரஸ் பாடுவது 'இடைநிகழ்வா' என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். எனக்குப் புரிவது இவ்வளவுதான்: 'தொழில் வழக்கம்' என்று சட்டம் எதைச் சொல்கிறதோ, அந்த வழக்கத்தைத்தான் ஒவ்வொரு உறையும் ஒவ்வொரு ப்ளேலிஸ்ட்டும் உறுதிப்படுத்திக்கொண்டே வருகின்றன. பெயரை விட்டு வெளியிடுகிற ஒவ்வொரு 'ஹிட்ஸ்' தொகுப்பும் அந்த வழக்கத்துக்கு இன்னொரு சாட்சி.

*

இனி, நம்முடைய காதைப் பற்றி.

'திருடா திருடா' (1993) படத்தில் ஷாகுல் ஹமீது பாடிய சோகப் பாட்டு உங்களுக்குத் தெரியும். ஏ.ஆர். ரஹ்மான் இசை. அதில் வாத்தியமே இல்லை. வயலின் இருக்க வேண்டிய இடத்திலும், தாளம் இருக்க வேண்டிய இடத்திலும் மனிதக் குரல்கள். வாத்தியக்குழு என்ன செய்யுமோ அது முழுவதையும் குழுவினர் குரலால் செய்கிறார்கள். 'மாயா பஜார்' (1995) படத்தில் இளையராஜாவும் குரல்களை மட்டுமே வைத்து ஒரு பாட்டு கட்டினார். இந்த இரண்டும் தமிழில் சுப்ரீம்ஸுக்கும் டெம்ப்டேஷன்ஸுக்கும் பக்கத்தில் உட்காரத் தகுந்த குரல்குழுப் பாட்டுகள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஷாகுல் ஹமீது பாட்டைப் போட்டுப் பாருங்கள். திரையில் 'பாடியவர்' என்று ஒரு பெயர்தான் ஓடும். பாட்டில் கேட்பது எல்லாமே மனிதக் குரல் என்று தெரிந்தும், அத்தனை குரல்களுக்கும் ஒரே பெயர்.

1997இல் விபத்தில் இறந்துபோன ஷாகுல் ஹமீதுக்கே இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்று நாம் பேசுகிறோம், சரிதான். அவரைச் சுற்றி நின்று பாடியவர்களைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கவில்லை.

நாம் தொலைத்த கதைகள் எத்தனை என்று தெரிய, தப்பிப் பிழைத்த ஒரு கதையைப் பார்க்கலாம். சித்தி வீட்டுப் பக்கம், சிங்காநல்லூரில்தான் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. டி.எம். சௌந்தரராஜன் 'கிருஷ்ண விஜயம்' (1950) படத்துக்காக முதன்முதலில் பாடியது அங்கேதான், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. நாயுடுவிடம் அங்கே எடுபிடியாகவும் உதவியாளராகவும் இருந்த பையன் எம்.எஸ். விஸ்வநாதன். 'அபிமன்யு' (1948) படத்தின் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டது அந்தப் பையன். பெயர் வந்தது நாயுடுவுக்கு. ஜுபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் போகிறபோது, அந்த மெட்டு இவன் போட்டது, இவனைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று முதலாளியிடம் நாயுடுவே சொன்னார். எம்.எஸ்.வி. பிற்காலத்தில் கண்ணீரோடு நினைவுகூர்ந்த கதை இது.

நாயுடுவின் பெருந்தன்மையைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்தக் கதை நம்மிடம் வந்து சேர்ந்ததே அந்தப் பையன் எம்.எஸ்.வி. ஆனதால். ஆகாமல் போன பையன்கள் எத்தனை பேர், அவர்கள் போட்ட மெட்டுகள் எத்தனை? நாம் வைத்திருப்பது ஜெயித்தவர்களின் நினைவு. அதை இசை வரலாறு என்று கூப்பிடுகிறோம்.

*

இத்தனைக்கும் கூட்டாகப் பாடுவது கொங்கு மண்ணுக்குப் புதிதில்லை. ஒயில்கும்மியில் ஆசிரியர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், வட்டம் முழுவதும் திருப்பிப் பாடும். வட்டம் பாடாவிட்டால் கும்மி இல்லை. வள்ளி ஒயில்கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய கும்மியில் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தவர் அவர். விருது ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். ஆனால் அவர் செய்த காரியமே வட்டத்தைப் பெரிதாக்கியதுதான்.

அண்ணன்மார் கதையில் உடுக்கை அடித்துப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் பின்பாட்டுக்காரர் ஒருவர் இருப்பார். பின்பாட்டு என்று நமக்குச் சொல்லே இருக்கிறது. 'பேக்கிங் வோக்கல்ஸ்' எல்லாம் கடன் வாங்க வேண்டியதில்லை. 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து அந்தக் கதையை முழுக்கப் பதிந்தார். அவருடைய எழுத்துகளில் பாடகர் ராமசாமியின் பெயர் வருகிறது, உடன் பாடிய பழனிசாமியின் பெயரும் வருகிறது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு, யார் கூடப் பாடினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றியிருக்கிறது. கேட்டால் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். நாம் கேட்கவில்லை.

அதனால் என் கோரிக்கை பெரிய புரட்சி எதுவும் இல்லை. 'ஹிட்ஸ்' கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தப் போவதில்லை. பாட்டுக் கம்பெனிகள் தங்கள் பழைய பதிவுத் தாள்களையும் சம்பளப் பட்டியல்களையும் எடுத்துப் பார்க்கட்டும். கோரஸ் பாடியவர்களுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால், எங்கேயோ ஒரு தாளில் கையெழுத்து இருந்திருக்கும். மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்தக் கட்டத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். அது நம்முடையது இல்லை. புதிதாகப் பாட்டு வெளியிடுகிற இளைஞர்கள், உங்கள் நண்பர்கள் நான்கு பேரை உட்காரவைத்து ஒரு 'ஓ' பாட வைத்தால்கூட நான்கு பெயரையும் போடுங்கள். நீங்கள் போடுவதுதான் நாளைக்குத் 'தொழில் வழக்கம்' ஆகும்.

கட்டுரை எழுதுகிற நாமும் தப்ப முடியாது. 'ராஜாவின் மேதைமை', 'எஸ்பிபியின் குரல்' என்று பக்கம் பக்கமாக எழுதும்போது, நாமும் அதே குமிழைத்தான் திருகிக்கொண்டிருக்கிறோம். எண்பதுகளில் கோரஸ் பாடியவர்களில் பலருக்கு இப்போது அறுபது எழுபது வயது இருக்கும். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை, ஒரு செல்போன் போதும்.

நான் என் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். சித்தி குழுவில் கூடப் பாடியவர்கள் யார் என்று போன மாதம் போய்க் கேட்டேன். எதுக்கு இப்ப அதெல்லாம் என்று முதலில் மழுப்பினார். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒருவர் திருப்பூரில் பேரப்பிள்ளைகளோடு. ஒருவர் கேன்சரில் இறந்துவிட்டார். ஒருவர் பெயர் மட்டும் வரவே இல்லை. நான் கிளம்பி வண்டியை எடுக்கும்வரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றிருந்தார். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"கண்ணு, அந்தப் புள்ள பேரு இப்பத்தான் நெனப்பு வந்துச்சு. எழுதிக்கோ."